கொண்டுபோய் விடுவது விடுதலையாகுமா?





நம் வீடுகளில் பூனையைப் பற்றிப் பேச்சு எழுந்தால் மூன்று செய்திகள் தவறாமல் சொல்லப்படுகின்றன. பூனைக்குட்டியின் மீது பிரியம் கொண்டிருந்ததால் ஒரு நபித்தோழருக்கு அபூஹுரைரா என்றே பெயர் நிலைத்தது என்பது ஒன்று. பூனை வாய் வைத்த தண்ணீர் நஜீஸ் ஆகாது என்பது மற்றொன்று. நபி (ஸல்) அவர்களின் ஆடையின் மீது பூனை உறங்கிக்கொண்டிருந்ததாகவும், அதை எழுப்ப மனமின்றி அவர்கள் ஆடையின் கையையே வெட்டிவிட்டு எழுந்ததாகவும் சொல்லப்படுவது மூன்றாவது. இவற்றுள் முதல் இரண்டும் ஹதீஸ் நூல்களில் உள்ளவை. மூன்றாவதற்கு ஹதீஸ் நூல்களில் ஆதாரம் இல்லை. ஆயினும் நம்மிடையே மிக அதிகமாகப் பகிரப்படுவது அந்த மூன்றாவதுதான். கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது. அதன்படி அமல் செய்ய வேண்டிய கட்டாயமோ எவருக்கும் இல்லை.

இந்தச் செய்திகளைச் சொல்லிச் சொல்லியே பிள்ளைகளுக்குப் பூனையின் மீது ஆசையை ஊட்டுகிறோம். தெருவிலிருந்தோ, உறவினர் வீட்டிலிருந்தோ ஒரு குட்டி வருகிறது. வீட்டில் முன்பே ஒரு பூனை இருக்கும். முற்றத்தில் கோழிகள் இருக்கும். திண்ணையில் லவ் பேர்ட்ஸ் கூண்டு தொங்கும். வந்த அன்றே புதியதை அவற்றின் நடுவில் இறக்கிவிடுகிறோம். பழைய பூனை சீறுகிறது. புதியது கட்டிலுக்கடியில் பதுங்குகிறது. இரண்டாம் நாள் சண்டை. மூன்றாம் நாள் தொழுகை விரிப்பில் சிறுநீர். நான்காம் நாள் ஒரு சாக்குப்பை தேடப்படுகிறது. "மீன் கடைப் பக்கம் விட்டால் பிழைத்துக்கொள்ளும்" என்று ஒருவர் சொல்ல, அனைவருடைய மனமும் ஆறுதல் அடைந்துவிடுகிறது.

இந்த ஆறுதல் பொய்யானது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். பிறரைச் சுட்டிக்காட்டும் தகுதியில் நின்று எழுதவில்லை. அந்தச் சாக்குப்பையின் வாயைக் கட்டியவர்களுள் நானும் ஒருவன்.

என் வீட்டில் நடந்தது

நான்கு ஆண்டுகளுக்கு முன், மக்தப் முடிந்து வரும் வழியில் என் இளைய மகள் ஒரு பூனையைத் தூக்கி வந்தாள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. வீட்டில் சீனி என்றொரு பெண் பூனை ஆறு ஆண்டுகளாக இருந்தது. கொல்லையில் ஐந்து கோழிகள். வந்தது ஏறத்தாழ ஒரு வயதுள்ள ஆண் பூனை. "அல்லாஹ்வின் படைப்பு, இருந்துவிட்டுப் போகட்டும்" என்று பெருந்தன்மையுடன் சொல்லி, அதை நடுக்கூடத்தில் இறக்கிவிட்டேன். என் பங்கு அத்துடன் முடிந்துவிட்டதாகவே எண்ணினேன்.

சீனி இரண்டு நாள் உணவருகே வரவில்லை. மூன்றாம் நாள் இரண்டும் கட்டிப் புரண்டதில் அதன் காது கிழிந்தது. ஃபஜ்ர் தொழ விரிப்பை விரித்தபோது அதில் ஈரம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அன்று அஸருக்குப் பின் என் தங்கை மகனிடம் சொல்லி, மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள மீன் ஏலக்கூடத்தில் அதை விடச் செய்தேன். அதற்கு ஒரு பெயர்கூட வைத்திருக்கவில்லை.

அதே வாரம் மக்தபில் பிள்ளைகளுக்கு ஒரு ஹதீஸை விளக்கினேன். ஒரு பூனையை அடைத்துவைத்து, அது சாகும்வரை உணவும் தராமல், தானே இரை தேடிக்கொள்ள விட்டுவிடவும் செய்யாத ஒரு பெண் நரகத்திற்கு ஆளானாள் என்ற செய்தி அது. இப்னு உமர் (ரலி), அபூஹுரைரா (ரலி) ஆகியோர் வழியாக புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. வகுப்பு முடிந்து வீடு திரும்பும்போது என் மகள் கேட்டாள்:

"வாப்பா, அந்தப் பொம்பளை பூனையைக் கட்டிப்போட்டதுக்குத்தானே நரகம்? நீங்க அதக் கொண்டுபோய் விட்டியளே, அது என்ன கணக்கு?"

"அவள் விடவில்லை, நான் விட்டுவிட்டேன்" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. மறுநாள் ஏலக்கூடத்திற்குப் போனேன். அங்கே பல பூனைகள் இருந்தன. ஐஸ் பெட்டிகளின் இடுக்கில் ஒவ்வொன்றும் தன் இடத்தைக் காத்துக்கொண்டு நின்றது. நான் விட்டது அவற்றுள் இல்லை. மூன்று நாள் தேடியும் கிடைக்கவில்லை.

அந்த ஹதீஸ் யாருக்கு ஆதாரம்?

பூனையைக் கொண்டுபோய் விடுபவர்கள் பலர் இதே ஹதீஸைத்தான் தம் ஆதாரமாகக் காட்டுகின்றனர். "அடைத்துவைப்பதுதான் பாவம், அவிழ்த்துவிட்டால் குற்றமில்லை" என்கின்றனர். ஹதீஸின் சொற்கள் எதை நோக்கி நிற்கின்றன என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. அந்தப் பெண் செய்த குற்றம் ஓர் உயிரின் பிழைக்கும் வழிகள் இரண்டையும் அடைத்தது: அவளும் உணவு தரவில்லை, அது தானே தேடிக்கொள்ளவும் வழியில்லை. விட்டிருக்கலாம் என்று ஹதீஸ் சொல்வது, விட்டால் அது பூமியில் உள்ள சிற்றுயிர்களைத் தின்று பிழைத்திருக்கும் என்பதற்காகவே. பிழைக்க வழி திறப்பதற்குத்தான் விடுதலை என்று பெயர்.

நாம் செய்வது என்ன? பல நாளோ, பல மாதமோ கையால் சோறு வைத்துப் பழக்குகிறோம். பின்னர் அது அறியாத இடத்தில், வேறு பூனைகள் பங்கு போட்டுக்கொண்ட எல்லைக்குள், நாய்களுக்கும் வண்டிகளுக்கும் நடுவில் இறக்கிவிடுகிறோம். பூனை தன் இடத்தை வாசனையால் அறியும் உயிர். கன்னத்தையும் உடலையும் சுவரிலும் கதவிலும் உரசித் தன் மணத்தைப் பதித்து, அந்த மணத்திற்குள்தான் அச்சமின்றி வாழ்கிறது. அதை முன்பின் அறியாத இடத்தில் விடுவது, கண்ணைக் கட்டி அயலூர்ச் சந்தையில் ஒரு குழந்தையை இறக்கிவிடுவதைப் போன்றது. கயிறு இல்லை என்பது உண்மைதான். ஆனால் பிழைக்கும் வழியும் இல்லை. அந்தப் பெண்ணின் செயலுக்கும் நம் செயலுக்கும் உள்ள இடைவெளி நாம் நினைக்கும் அளவுக்கு அகலமானதன்று.

இன்னொரு ஹதீஸையும் எண்ணிப் பாருங்கள். அபூகதாதா (ரலி) உளூச் செய்வதற்கு வைத்திருந்த தண்ணீரைக் குடிக்க ஒரு பூனை வந்தது. அவர் பாத்திரத்தைச் சாய்த்து அதற்குக் குடிக்கக் கொடுத்தார். வியந்து நோக்கிய தம் மருமகள் கப்ஷாவிடம், பூனை நஜீஸ் அல்ல, அது உங்களைச் சுற்றி வருபவற்றுள் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துரைத்தார். அபூதாவூதிலும் திர்மிதியிலும் உள்ள செய்தி இது. இதில் வரும் 'தவ்வாஃபூன்' என்ற சொல்லையே, வீட்டிற்குள் வந்துபோகும் பணியாட்களையும் பருவமடையாத பிள்ளைகளையும் பற்றிப் பேசும் அந்நூர் அத்தியாயத்தின் 58ஆம் வசனமும் பயன்படுத்துகிறது. வீட்டாரைக் குறிக்கும் அதே சொல்லால் பூனை குறிக்கப்படுகிறது. நாமோ உளூத் தண்ணீருக்கான சட்டத்தை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொண்டோம். பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்த கையை மறந்துவிட்டோம்.

"அவையே பார்த்துக்கொள்ளும்" என்ற வாதம்

"இரண்டு நாள் சண்டை போடும், பிறகு அவையே சமாதானமாகிவிடும்" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். தெருவில் சண்டையிடும் பூனைகளுக்கு ஓடிப்போக இடம் உண்டு. நான்கு சுவருக்குள் அடைபட்டவற்றிற்கு அந்த வழி இல்லை. முதல் சந்திப்பே கடிபட்டு முடிந்தால், அந்த அச்சம் மாதக்கணக்கில் நீடிக்கும். சில பூனைகளிடையே அது மாறாமலே போய்விடும். ஆகவே "அவையே பார்த்துக்கொள்ளும்" என்பது தவக்குல் அல்ல, நம் பொறுப்பைத் தட்டிக்கழிப்பது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டே தவக்குல் வைக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் நாம், பூனை விஷயத்தில் மட்டும் கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தவக்குல் பேசுகிறோம்.

கடந்த ஆண்டு ஷஅபான் மாதத்தில், இடம்பெயர்ந்து போகும் ஓர் அண்டை வீட்டாரின் பூனை எங்களிடம் வந்தது. அதன் பெயர் பஞ்சு. இம்முறை கால்நடை மருத்துவரிடம் முதலில் கேட்டுக்கொண்டோம். நாங்கள் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன், யாருக்கேனும் பயன்படலாம்.

வீட்டிற்குள் விடும் முன்பே அரசு கால்நடை மருந்தகத்தில் காட்டினோம். பூனைகளைத் தாக்கும் ஒரு கொடிய வயிற்றுப்போக்கு நோய்க்கிருமி தரையிலும் பாத்திரத்திலும் மாதக்கணக்கில் உயிருடன் இருக்கக்கூடியது. புதிதாக வருவது அதைச் சுமந்து வந்தால் பழையதும் மடியும். அதற்கான தடுப்பூசியைக் குட்டிகளுக்கு எட்டு வார வயதையொட்டித் தொடங்கி, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மீண்டும் போட வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசியும் தவறக்கூடாது. குடற்புழு மருந்தும் உண்ணி மருந்தும் மருத்துவர் தருவதையே கொடுக்க வேண்டும். நாய்க்கான உண்ணி மருந்துகளுள் சில பூனையைக் கொன்றுவிடும். நாம் காய்ச்சலுக்கு விழுங்கும் பாராசிட்டமால் மாத்திரையும் பூனைக்கு நஞ்சு.

பிறகு மச்சு அறையைப் பஞ்சுவுக்கு ஒதுக்கிக் கதவைச் சாத்தினோம். உணவு, தண்ணீர், அவற்றிலிருந்து தள்ளி ஒரு மணல் தொட்டி, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி, ஏறி அமர ஓர் உயரமான பலகை. இவ்வளவே தேவை. அபூஹுரைரா (ரலி) தம்மிடம் இருந்த பூனைக்குட்டியை இரவில் ஒரு மரத்தில் வைத்துவிட்டு, பகலில் உடன் எடுத்துச் சென்று விளையாடியதாகத் திர்மிதியில் ஒரு செய்தி உண்டு. உயரம் பூனைக்கு நிம்மதி தரும் என்பதைப் பலகையில் ஏறி அமர்ந்த பஞ்சுவிடம் நானும் கண்டேன். தனி அறை இல்லாத சிறிய வீடுகளில், மூன்று பக்கம் துணி போர்த்திய பெரிய கூண்டை ஓர் ஓரத்தில் வைத்துச் சில நாட்கள் சமாளிக்கலாம்.

முதல் மூன்று நாள் பஞ்சு அரிசி மூட்டைக்குப் பின்னால் இருந்தது. ஆளரவம் அடங்கிய பின்னரே சாப்பிட்டது. பிள்ளைகள் அதை இழுத்து வெளியே எடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். மகள் கதவருகே அமர்ந்து தாழ்ந்த குரலில் தன் சூராக்களை ஓதிக்கொண்டிருப்பாள். நான்காம் நாள் அது தானாக வந்து அவள் முழங்காலை முகர்ந்தது.

அதன்பின் மணத்தைப் பரிமாறினோம். பஞ்சு படுத்த துணியைச் சீனியின் இடத்திலும், சீனி படுத்த துணியைப் பஞ்சுவின் அறையிலும் வைத்தோம். சீனி முதலில் அந்தத் துணியைப் பார்த்துச் சீறியது. நாம் அதட்டவில்லை. சீறுவது பூனை தரும் எச்சரிக்கை. அதட்டினால் எச்சரிக்கை நின்று நேரடியாகக் கடி விழும். துணியைப் பார்த்துச் சீறுவது நின்ற பிறகு, மூடிய கதவின் இரு பக்கமும் உணவுத் தட்டுகளை வைத்தோம். முதலில் தொலைவில், நாளுக்கு ஒரு சாண் நெருக்கமாக. மற்றதன் மணம் வரும்போதெல்லாம் உணவும் வருகிறது என்று இரண்டும் கற்றுக்கொண்டன.

இரண்டு வாரம் கழித்து வாசலில் கொசுவலைச் சட்டம் ஒன்றைக் கட்டி, உணவு நேரத்தில் மட்டும் ஒன்றையொன்று பார்க்க விட்டோம். மூன்று நிமிடம், பிறகு ஐந்து. ஒன்று உற்று முறைத்தாலோ, வாலை ஓங்கி அடித்தாலோ, அன்று அத்துடன் நிறுத்தினோம். இருபத்து மூன்றாம் நாள் வலையை எடுத்தோம். கையில் ஓர் அட்டையை வைத்துக்கொண்டு நின்றேன். சண்டை வந்தால் இரண்டிற்கும் நடுவில் அட்டையை நுழைக்க வேண்டும், கையை நுழைக்கக்கூடாது. அடிப்பதும் தண்ணீரை வீசுவதும் கூடாது. அவை அந்த அச்சத்தை மற்ற பூனையின் கணக்கிலேயே எழுதிக்கொள்ளும். அன்று அட்டைக்கு வேலை வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். இரண்டும் இன்றும் ஒன்றையொன்று தழுவிப் படுப்பதில்லை. ஒரே வீட்டில் தத்தம் இடத்தில் அமைதியாக இருக்கின்றன. அதற்குமேல் நாம் கேட்கத் தேவையில்லை.

இருபத்து மூன்று நாள் என்பது எங்கள் கணக்கு. சில வீடுகளில் பத்து நாளில் முடியலாம். சில வீடுகளில் இரண்டு மாதம் ஆகலாம். ஒரு படியில் சண்டை வந்தால் முந்தைய படிக்குத் திரும்ப வேண்டும். பொறுமையைப் பற்றி ஆண்டு முழுதும் பயான் கேட்கும் நமக்கு, ஒரு கதவை மூன்று வாரம் சாத்தி வைக்க முடியாதா?

முன்பே இருப்பவற்றின் ஹக்கு

புதிதாக வந்ததன் மீது இரக்கம் காட்டும்போது முன்பே இருந்தவற்றிற்கு அநியாயம் செய்துவிடக் கூடாது. உணவைப் பழையதற்கு முதலில் வையுங்கள். அதன் வழக்கமான படுக்கையை மாற்றாதீர்கள். பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு மணல் தொட்டி கூடுதலாக இருக்கட்டும். இரண்டு பூனைக்கு மூன்று தொட்டி. எல்லாவற்றையும் ஒரே மூலையில் வைத்தால் அவற்றை ஒரு பூனை மறித்துக்கொள்ளும், பிரித்து வையுங்கள். உணவுத் தட்டுகளும் தனித்தனியாக இருக்கட்டும்.

பறவைகளின் நிலை வேறு. பூனைக்கு வேட்டை இயல்பு. அதை அதட்டி மாற்ற இயலாது. வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும். ஆகவே "நம் பூனை சாது" என்று நம்பி லவ் பேர்ட்ஸ் கூண்டை எட்டும் உயரத்தில் தொங்கவிடாதீர்கள். கம்பிக்கு வெளியே நகம் தொடாவிட்டாலும், இரவெல்லாம் உற்று நோக்கும் அந்தக் கண்களே பறவையை வாட்டும். பூனை நுழையாத அறைக்குக் கூண்டை மாற்றுங்கள். வளர்ந்த கோழி பெரும்பாலும் பூனையை எதிர்த்து நிற்கும், குஞ்சுகள் நிற்கா. அவற்றை வலைக்குள் வைத்து, மஃரிபுக்கு முன் கூட்டை அடையுங்கள்.

பயணம் ஒன்றில் ஒரு பறவையின் குஞ்சுகளைத் தோழர்கள் எடுத்துவிட, தாய்ப் பறவை சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் குஞ்சுகளைத் திருப்பித் தரும்படி உத்தரவிட்டார்கள் என்று இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும் செய்தி அபூதாவூதில் உள்ளது. ஒரு பறவையின் பதற்றம் அவர்களின் பார்வையிலிருந்து தப்பவில்லை. நம் திண்ணைக் கூண்டின் பதற்றம் நம் கண்ணில் படுகிறதா?

தொழுகை விரிப்பும் நம் கோபமும்

பூனையை வெளியேற்றுவதற்கு நம்மவர்கள் சொல்லும் மிக வலுவான காரணம் சுத்தம். பூனையின் எச்சில் தூய்மையானது; அதன் சிறுநீரும் மலமும் நஜீஸ். இதில் ஐயமில்லை. தொழும் இடம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதிலும் விட்டுக்கொடுக்க இடமில்லை. ஆனால் நஜீஸ் பட்டால் கழுவ வேண்டும் என்பதுதான் சட்டம். பட்டதற்குக் காரணமான உயிரைக் கொண்டுபோய்த் தொலைக்க வேண்டும் என்று எந்த மத்ஹபின் நூலிலும் நான் படித்ததில்லை. கைக்குழந்தை விரிப்பை நனைத்தால் நாம் விரிப்பைத்தான் கழுவுகிறோம்.

பூனை பழிவாங்குவதற்காக விரிப்பில் சிறுநீர் கழிப்பதில்லை. அச்சத்தாலும், தொட்டி அசுத்தமாக இருப்பதாலும், மற்ற பூனை வழியை மறிப்பதாலும், நோயாலும் கழிக்கிறது. குறிப்பாக ஆண் பூனை அடிக்கடி முக்கியும் சிறுநீர் வராமல் தவித்தால், அது அடைப்பாக இருக்கலாம். ஓரிரு நாளில் உயிரைப் பறிக்கும் நிலை அது. அன்றே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். புதிய பூனை ஒரு முழு நாள் எதையும் உண்ணாவிட்டாலும் மருத்துவரைக் கேளுங்கள். பட்டினி கிடக்கும் பூனையின் ஈரலில் கொழுப்பு தேங்கி, அது உயிருக்கே ஆபத்தாக முடியும்.

நனைந்த இடத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் சட்டப்படி தூய்மையாகிவிடும். ஆயினும் நம் மூக்குக்கு எட்டாத மணம் பூனையின் மூக்குக்கு எட்டும்; அது மீண்டும் அங்கேயே வரும். சோப்பு நீராலும், பின் தண்ணீர் கலந்த வினிகராலும் கழுவி வெயிலில் உலர்த்துங்கள். பினாயில் ஊற்றாதீர்கள். காலில் பட்டதை நக்கும் பூனைக்கு அது கேடு. அதைவிட எளிய வழி ஒன்றுண்டு: தொழுது முடித்ததும் விரிப்பை மடித்து உயரத்தில் வைப்பது. நான் அன்று இதைச் செய்திருந்தால் ஓர் உயிர் என் வீட்டில் இருந்திருக்கும்.

ஆண் பூனைகள் எல்லை குறிப்பதும் கடுமையாகச் சண்டையிடுவதும் கருத்தடைக்குப் பின் பெரிதும் குறையும். அதன் சட்டத்தில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் மஹல்லாவின் ஆலிமிடம் உங்கள் நிலைமையைச் சொல்லிக் கேட்டு முடிவெடுங்கள். கேட்காமல் குட்டிகளைப் பெருகவிட்டு, பின்னர் அவற்றை அட்டைப்பெட்டியில் போட்டுப் பள்ளிவாசல் வாசலில் வைத்துவிட்டுப் போவது எந்த மத்ஹபிலும் தீர்வல்ல.

"மனிதர்களுக்கே வழியில்லை"

இறுதியாக ஒரு வாதம். "எத்தனையோ ஏழைகள் பசித்திருக்க, பூனைக்கு இத்தனை பாடா?" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். அதற்குரிய இடம் பூனை வீட்டிற்கு வருமுன். வசதியில்லை, இடமில்லை, பொறுமையில்லை என்றால் கொண்டுவராதீர்கள். பிள்ளை அழுதால், "நம்மால் ஹக்கை நிறைவேற்ற முடியாது கண்ணே" என்று சொல்லுங்கள். அதுவும் ஒரு தர்பிய்யத்தான். கொண்டுவந்த பிறகு ஏழையின் பெயரைச் சொல்லி அதைத் தெருவில் விடுபவர், மிச்சமான அந்தப் பணத்தை எந்த ஏழைக்கும் கொடுத்து நான் பார்த்ததில்லை. தாகத்தால் நாக்கைத் தொங்கவிட்ட நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் கொணர்ந்தவர் மன்னிக்கப்பட்டார். உயிருள்ள ஒவ்வொன்றிற்கும் செய்யும் நன்மைக்குக் கூலி உண்டு என்பதே அந்தச் செய்தியின் பாடம். பசித்து, உழைத்துக் களைத்த ஒட்டகத்தின் கண்ணீரைக் கண்டு, அதன் உரிமையாளரான அன்சாரி இளைஞரை அழைத்து அல்லாஹ்வை அஞ்சும்படி எச்சரித்த நபியின் உம்மத் நாம்.

உண்மையாகவே வைத்துக்கொள்ள முடியாத நிலை வரலாம். வீட்டில் ஒருவருக்கு மூச்சுத்திணறல் இருக்கலாம். எவ்வளவு முயன்றும் இரண்டும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். அப்போது கைமாற்றிக் கொடுங்கள். அதை விரும்பி ஏற்கும் ஒரு மனிதரைத் தேடி, அதன் பழக்கங்களைச் சொல்லி, அது படுத்த துணியையும் உடன் தந்து, ஒரு வாரம் கழித்து நலம் விசாரியுங்கள். பஞ்சு எங்களிடம் அப்படித்தான் வந்தது. அமானிதம் ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போக வேண்டும். கையிலிருந்து தரையில் விழக் கூடாது. வெற்றிபெறும் நம்பிக்கையாளர்களின் பண்புகளுள் அமானிதத்தைப் பேணுவதையும் அல்லாஹ் அல்முஃமினூன் அத்தியாயத்தின் தொடக்கத்தில் சேர்த்துள்ளான்.

என் மகளுக்கு இப்போது பதின்மூன்று வயது. அவள் கேட்ட கணக்கிற்கு நான் இன்னும் விடை சொல்லவில்லை. மறுமையில் வாய் பேசாத ஒரு பூனை என்னைச் சுட்டி நின்றால், "விட்டுவிட்டேன் ரப்பே" என்ற சொல் எனக்கு உதவாது என்பதை மட்டும் அறிந்திருக்கிறேன். தவ்பாச் செய்துகொண்டிருக்கிறேன். இதைப் படிப்பவர்களுள் எவரேனும் இன்று ஒரு சாக்குப்பையைத் தேடிக்கொண்டிருந்தால், அதைக் கீழே வைத்துவிட்டு ஓர் அறைக் கதவைச் சாத்தட்டும். மூன்று வாரம் பொறுக்கட்டும்.

நம் வீடுகளை அவற்றில் வாழும் எல்லா உயிர்களுக்கும் அச்சமற்ற இடமாக ஆக்கிவைக்க எல்லாம் வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! நாம் செய்த பிழைகளை மன்னிப்பானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.